ஹேங்கர் திண்ணை: பழைய ப்ளேன் கேள்வி பதில்

போன இதழ்ல பழைய குட்டி ப்ளேன் வச்சிருக்கறதப் பத்தி ரெண்டே ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு வந்த கடிதங்களைப் பாத்தா அடேங்கப்பா, இந்தக் கிறுக்கு எனக்கு மட்டும்தான்னு இத்தனை நாள் நெனச்சிட்டிருந்தேனேன்னு ஆயிடுச்சு. எல்லாருக்கும் பதில் எழுத இடம் பத்தாது, அதனால பல பேருக்கு உதவுற மாதிரி இருக்கறத மட்டும் எடுத்திருக்கேன். நானும் இன்னும் மூணு பேரும் சேர்ந்து 1946-ல செஞ்ச ஒரு பைப்பர் ஜே-3 கப்-ங்கற ரெண்டு சீட்டு குட்டி ப்ளேன் வச்சிருக்கோம், அது நடுநடுவுல வந்து தலையைக் காட்டும், பொறுத்துக்கங்க.

கேள்வி: எங்கிட்ட 1968 செஸ்னா 172 இருக்கு சார். வின்டேஜ்னு சொன்னா ஃப்ரெண்ட்ஸ் சிரிக்கறாங்க, 'அது வெறும் பழசு'ங்கறாங்க. கணக்கு என்ன?

அமெரிக்காவுல 1953-ல ஆரம்பிச்ச ஈஏஏ-ங்கற விமானப் பிரியர்கள் அசோசியேஷன், கண்காட்சில மார்க் போடறதுக்காக ஒரு கணக்கு வச்சிருக்கு. 1945 ஆகஸ்ட் 31 வரைக்கும் செஞ்சது ஆன்டிக், அதுக்கப்புறம் 1955 கடைசி வரைக்கும் கிளாசிக், 1956-லேர்ந்து 1970 கடைசி வரைக்கும் கன்டெம்பரரி, இந்த மூணுமே அவங்க வின்டேஜ் பிரிவுக்குள்ளதான் வரும். உங்களுது ஜம்முனு உள்ள வந்துருது. என்ன, 172-ஐ 44,000-க்கும் மேல செஞ்சு தள்ளியிருக்காங்க, அதனால அபூர்வம்னு பீத்திக்க முடியாது. ஆனா நடுவுல ஒரு பார்ட் போச்சுன்னா வேணுங்கறது கிடைக்கும், பீத்திக்கறதவிட அது பெரிய விஷயம்.

கேள்வி: அண்ணே, 1957 மாடல் பைப்பர் ட்ரை-பேசர் ஒண்ணு விலைக்கு வருது. பெயின்ட் புதுசு, சீட்டு புதுசு. என்ஜின் லைகாமிங் கம்பெனியோட ஓ-320, ஓவர்ஹால் (முழுசாப் பிரிச்சுப் புதுப்பிக்கறது) பண்ணி 90 மணி நேரம்தான் ஓடிருக்கு, ஆனா ஓவர்ஹால் பண்ணி 16 வருஷம் ஆயிடுச்சு. விக்கறவர் 'புது என்ஜின் மாதிரிதான்'னு சொல்றார். நம்பலாமா?

தம்பி, 90-ஐ 16-ஆல வகுத்துப் பாருங்க. வருஷத்துக்கு 6 மணி நேரம்கூட வரல. அந்த என்ஜின் ஓடிக் கெட்டுப் போகல, உக்காந்து கெட்டுப் போயிருக்கலாம், அதான் என் பயம்.

லைகாமிங்ல வால்வைத் திறக்க வைக்கற கேம்ஷாஃப்ட், ப்ரொப்பெல்லரைச் சுத்த வைக்கற க்ராங்க்ஷாஃப்ட்டுக்கு மேல இருக்கு. என்ஜினை நிறுத்தினா எண்ணெய் எல்லாம் கீழ வடிஞ்சிரும், மேல இருக்கற கேம் நாளாக நாளாக காஞ்சு போய் காத்துல இருக்கற ஈரத்துல துருப் பிடிக்கும். துருன்னா பெருசா ஒண்ணும் இல்ல, ஊசி முனை மாதிரி சின்னச் சின்னக் குழி. அடுத்த தடவை ஓடும்போது கேம் மேல உக்காந்து வால்வைத் தள்ளற டேப்பட் அந்தக் குழி மேல தேச்சுத் தேச்சு கேமை அரம் மாதிரி அராவும், இரும்புத்தூள் எண்ணெய்ல சேரும், வால்வு முழுசாத் திறக்காது, என்ஜின் மெல்ல மெல்ல பலம் கொறஞ்சுட்டே வரும். ஓட்டறவருக்கு ரொம்ப நாள் தெரியவே தெரியாது. லைகாமிங் கம்பெனியே ஓ-320-க்கு 2,000 மணி நேரம் இல்லன்னா 12 வருஷம், எது முன்னாடி வருதோ அதுல ஓவர்ஹால் பண்ணச் சொல்லுது. 'மணி நேரம்தான் ஆகலையே'ன்னு விக்கறவர் சொல்றது பாதி உண்மை.

இதுல இன்னொரு சங்கடம் என்னன்னா கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டர்ல அழுத்தம் நிக்குதான்னு பாக்கறது) பண்ணா நல்லா வந்துரும், 80-க்கு 76, 77-னு காட்டும், எல்லாரும் கை குலுக்கிடுவாங்க. அந்த டெஸ்ட் பிஸ்டன் ரிங்கையும் வால்வையும்தான் சொல்லும், கேமைப் பத்தி வாயே திறக்காது. அதனால ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்பை விரிச்சு வெளிச்சத்துல காட்டிப் பாக்கச் சொல்லுங்க, மினுமினுன்னு இருந்தா காந்தம் வச்சுப் பாக்கச் சொல்லுங்க. விக்கறவர் ஒத்துக்கிட்டா ஒரு சிலிண்டரைக் கழட்டி உள்ள இருக்கற கேமைக் கண்ணால பாத்துடறது இன்னும் நல்லது. ஒத்துக்கலைன்னா ஓவர்ஹால் செலவு முழுசையும் விலைல கழிச்சுப் பேசுங்க. நடுவுல சும்மா நின்ன வருஷங்கள்ல பாதுகாப்பு எண்ணெய் ஊத்தி ஈரம் உறிஞ்சற ப்ளக் போட்டு வச்சிருந்தாங்களான்னும் கேளுங்க. அப்படிச் செஞ்சிருந்தா ப்ளேனோட பராமரிப்புக் கணக்கு நோட்டான லாக்புக்ல எழுதியிருக்கும், எழுதலைன்னா செய்யலைன்னு வச்சுக்கங்க.

பெயின்ட்டைப் பாத்து மயங்காதீங்க. ட்ரை-பேசர் துணி போத்தின இரும்புக் குழாய்க் கூடு, புது பெயின்ட்டுக்குக் கீழ குழாய் எப்படி இருக்குங்கறதுதான் கேள்வி. வால் பக்கம் கீழ் குழாய்லதான் தண்ணி தேங்கும், அங்க டார்ச் அடிச்சுப் பாக்கணும். எறக்கையைத் தாங்கற ஸ்ட்ரட் இருக்கே, அது உள்பக்கமா துருப் பிடிச்சு வெளில ஒண்ணுமே தெரியாம இருக்கும். பைப்பர் குடும்பத்துல இது பழைய கதை, அமெரிக்க அரசோட விமானத் துறையான எஃப்ஏஏ இதுக்குன்னே ஒரு கட்டாய உத்தரவு போட்டு பழைய மாதிரி ஸ்ட்ரட்டை 24 மாசத்துக்கு ஒரு தடவை சோதிக்கச் சொல்லியிருக்கு. சீல் பண்ணின புது மாதிரி ஸ்ட்ரட் மாத்தியிருந்தா அந்தத் தலைவலி இல்ல. எதைப் போட்டிருக்காங்கன்னு லாக்புக்ல தேடுங்க.

கடைசியா ஒண்ணு, ப்ளேனைப் பாக்கக் கூட்டிட்டுப் போற மெக்கானிக் உங்க ஆளா இருக்கணும், விக்கறவரோட மெக்கானிக்கா இருக்கக் கூடாது. அவர் நல்லவராவே இருந்தாலும்.

கேள்வி: பறக்க நேரம் கிடைக்கறதில்ல, அதனால வாரா வாரம் ஹேங்கர் (ப்ளேன் நிறுத்தற கொட்டகை) வாசல்லயே பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி ஓட விட்டு நிறுத்திடறேன். எண்ணெய் சுத்தி வரும்ல, நல்லதுதானே?

நிறுத்துங்க! ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி உண்டாகுது, பெரும்பாலும் எக்ஸாஸ்ட் வழியா ஆவியாப் போயிரும், கொஞ்சம் ரிங்கைத் தாண்டி எண்ணெய்க்குள்ள இறங்கும். எண்ணெய் 82 டிகிரி செல்சியஸ் பக்கம் போய் அங்கயே கொஞ்ச நேரம் நின்னாத்தான் அந்தத் தண்ணி வெளியேறும், தரைல பத்து நிமிஷம் ஓடினா அந்தச் சூடு வரவே வராது. ஆக, நீங்க வாரா வாரம் என்ஜினுக்குள்ள ஒரு வாய் தண்ணி ஊத்தி மூடி வச்சிட்டு வர்றீங்க. ஆயில் ஊத்தற மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்க, மஞ்சளும் வெள்ளையுமா மோர் மாதிரி ஒட்டியிருந்தா நான் சொல்றது புரியும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை முக்கால் மணி நேரமாச்சும் பறங்க, முடியலன்னா ஸ்டார்ட்டே பண்ணாதீங்க. மாசக்கணக்கா முடியாதுன்னு தெரிஞ்சா முறைப்படி பாதுகாப்பு எண்ணெய் போட்டு மூடி வைங்க. எண்ணெய் மாத்தறதும் அப்படித்தான், ஃபில்டர் இல்லாம வெறும் சல்லடை இருக்கற பழைய என்ஜின்ல 25 மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஆனா 25 மணி நேரம் வரலைன்னாலும் 4 மாசம் ஆனா மாத்திருங்க. எண்ணெய் சும்மா இருந்தாலும் புளிக்கும்.

கேள்வி: போன வாரம் நல்ல வெயில், மழை பெஞ்சு ஓய்ஞ்சு வெக்கையா இருந்துச்சு, 25 டிகிரி இருக்கும். பறந்துட்டிருக்கும்போது என்ஜின் பலம் கொறஞ்சு கொறஞ்சு வந்துச்சு. தரைக்கு வந்து மெக்கானிக் பாத்தா ஒண்ணுமே இல்லங்கறார். பேய் பிடிச்சிருக்கா?

பேய் இல்லங்க, ஐஸ். 25 டிகிரில ஐஸான்னு கேப்பீங்க. பெட்ரோலைக் காத்தோட கலக்கற கார்புரேட்டரோட தொண்டைல காத்து வேகமாப் போகுது, அழுத்தம் கொறையுது, பெட்ரோல் ஆவியாகுது, இது ரெண்டும் சேர்ந்து காத்தை முப்பது டிகிரிக்கு மேலகூட குளுர வச்சிரும். காத்துல ஈரம் இருந்தா போச்சு, காத்தைக் கூட்டிக் கொறைக்கற த்ராட்டில் தகட்டுல ஐஸ் கட்டி தொண்டையை அடைச்சுடும். 21 டிகிரிக்குக் கீழயும் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலயும் இருந்தா ரொம்ப சகஜம், ஆனா 38 டிகிரி வெயில்ல 50 சதவீத ஈரத்துலகூட வரலாம்னு எஃப்ஏஏ சொல்லுது. தரைக்கு வர்றதுக்குள்ள கரைஞ்சு போயிரும், தடயமே இருக்காது, அதான் மெக்கானிக் உங்களை ஒரு மாதிரியாப் பாத்திருப்பார்.

எனக்கும் நடந்திருக்கு. எங்க கப்ல மேல சீராப் பறக்கும்போது ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்துங்கற கணக்கு) 2,150 வச்சுப் போயிட்டிருந்தேன், கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா 2,100. த்ராட்டில் தானா பின்னால நகந்திருக்கும்னு நெனச்சு லேசா முன்னால தள்ளினேன், சரியாச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி 2,050. மறுபடி தள்ளினேன். நான் இப்படித் தள்ளித் தள்ளி நோயை மறைச்சிட்டிருக்கேன்னு மண்டைல உறைக்கவே மூணாவது தடவை ஆச்சு. எக்ஸாஸ்ட் சூட்டுல காத்தைச் சூடாக்கி கார்புரேட்டருக்குள்ள அனுப்பற கார்ப் ஹீட்டை முழுசா இழுத்தேன். இழுத்தவுடனே என்ன ஆகும்னா ஆர்பிஎம் இன்னும் இறங்கும், கரைஞ்ச ஐஸ் தண்ணியா என்ஜினுக்குள்ள போகும், என்ஜின் செருமும், இருமும், உடம்பு பூரா குலுங்கும். அந்த நேரத்துல கை தன்னால ஹீட்டை உள்ள தள்ளப் போகும் பாருங்க, அங்கதான் பல பேர் மாட்டிக்கறாங்க. தள்ளாதீங்க. நான் பல்லைக் கடிச்சிட்டு விட்டு வச்சேன், இருபது செகண்ட் இருக்கும், எனக்கு அது இருபது நிமிஷம், அப்புறம் என்ஜின் தொண்டையைச் சரி பண்ணிக்கிட்டு மேல ஏறிச்சு.

பாதி ஹீட் வைக்காதீங்க, வச்சா முழுசா வைங்க. இறங்கறதுக்கு த்ராட்டிலைக் கொறைக்கும் முன்னாடியே இழுத்துடுங்க, கொறைச்ச அப்புறம் எக்ஸாஸ்ட்ல சூடே இருக்காது, அப்ப இழுத்து என்ன பிரயோஜனம். எங்க கப்ல இருக்கற மாதிரி சின்னக் கான்டினென்டல் என்ஜின்களுக்கு இந்த வியாதி கொஞ்சம் அதிகமாவே வரும்.

கேள்வி: எங்க ப்ளேன்ல பேட்டரியே இல்ல, ப்ரொப்பெல்லரைக் கையால சுத்தித்தான் ஸ்டார்ட் பண்ணணும். காலேஜ் படிக்கற என் பையன் 'நான் சுத்தறேன்ப்பா'ங்கறான். கத்துக் குடுக்கலாமா?

கத்துக் குடுக்கலாம், ஆனா நீங்க குடுக்காதீங்க. அப்பா சொன்னா பையன் தலையாட்டுவான், அவ்வளவுதான். கையால சுத்தறதுல பழம் தின்னு கொட்டை போட்ட ஒரு ஆள்கிட்ட, என்ஜின் குளுந்து இருக்கும்போது, ஃபியூயலை மூடிட்டு, முதல்ல நிக்கற விதத்தையும் விலகற விதத்தையும் மட்டும் ஐம்பது தடவை பழகட்டும்.

ப்ரொப்பெல்லர் எப்பவுமே உயிரோட இருக்குன்னு நெனச்சுத்தான் தொடணும், ஸ்விட்ச் ஆஃப்ல இருந்தாலும் சரி. ப்ளக்குக்குப் பொறி குடுக்கற மேக்னெட்டோ தானே கரன்ட் உண்டாக்கிக்கற சாமான், பேட்டரி கீட்டரி எதுவும் வேணாம். ஸ்விட்ச் ஆஃப்னா என்ன அர்த்தம்? கரன்ட்டை வெட்டறது இல்ல, ஒரு வயர் வழியா மேக்னெட்டோவை எர்த் பண்றது. அந்த வயர் அறுந்து போச்சுன்னா ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கும், மேக்னெட்டோ முழிச்சிட்டிருக்கும். ஒரு தடவை நாங்க பறந்து வந்து ஹேங்கர் வாசல்ல ஸ்விட்சை ஆஃப் பண்றோம், என்ஜின் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கு. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டோம். ஃபியூயல் வால்வை மூடிட்டு கார்புரேட்டர்ல மிச்சம் இருக்கறது தீந்து அதுவா நிக்கற வரைக்கும் உள்ளயே உக்காந்திருந்தோம். கழட்டிப் பாத்தா ஸ்விட்சுக்குப் பின்னால வயர் முனை ஒடிஞ்சு தொங்குது. அதுக்கு முந்தின வாரம் ஒருத்தர் அந்த ப்ரொப்பெல்லரைப் பிடிச்சித்தான் ப்ளேனை இழுத்து வெளிய விட்டார்.

டேக்-ஆஃபுக்கு முன்னாடி ஒவ்வொரு மேக்னெட்டோவா நிறுத்திப் பாக்கறப்ப ஆர்பிஎம் கொஞ்சம் இறங்கணும். ரொம்ப இறங்கினா ப்ளக்கோ மேக்னெட்டோவோ சரியில்லன்னு எல்லாருக்கும் தெரியும். இறங்கவே இல்லன்னா 'ஆஹா சூப்பர்'னு சந்தோஷப்படறவங்களைப் பாத்திருக்கேன், அது சூப்பர் இல்லங்க, அந்த மேக்னெட்டோ நிக்கவே இல்லன்னு அர்த்தம்.

பையனுக்கு: சக்கரத்துக்கு கட்டை, வாலைக் கயித்தால கட்டணும், உள்ள ஸ்டிக்கையும் ப்ரேக்கையும் பிடிச்சிட்டு விஷயம் தெரிஞ்ச ஆள் உக்காந்திருக்கணும், சும்மா வேடிக்கை பாக்க வந்த மச்சானை உக்கார வைக்காதீங்க. தரை ஈரமோ சரளையோ இருந்தா வேற இடத்துக்கு ப்ளேனைத் தள்ளுங்க. கழுத்துல துண்டு, தொங்கற கயிறு ஒண்ணும் வேணாம். விரலை ப்ளேடு ஓரத்துல மடக்கிப் பிடிக்காம உள்ளங்கையைப் பதிச்சு இழுத்துட்டு அதே வேகத்துல பின்னால போயிரணும். 'ஸ்விட்ச் ஆஃப்', 'கான்டாக்ட்' (அதாவது ஸ்விட்ச் ஆன்) எல்லாம் சத்தமாச் சொல்லி, எதிராளி அதையே திருப்பிச் சொன்ன அப்புறம்தான் கை மேல போகணும்.

கேள்வி: துணி போத்தின ப்ளேன்னா பயமா இருக்கு. எத்தனை வருஷம் தாங்கும்? கிழிஞ்சிடாதா?

உங்க பயம் பழைய காட்டன் துணிக்கு நியாயம். முன்னெல்லாம் கிரேடு ஏ காட்டன் போட்டாங்க, அது புதுசா இருக்கும்போது ஒரு இஞ்ச் அகலத்துக்கு 80 பவுண்ட் இழுப்பைத் தாங்கணும், 56-க்குக் கீழ போனா மொத்தமா உரிச்சு மாத்தணும். இப்ப பெரும்பாலும் பாலியெஸ்டர்தான், அதுக்கு எமன் வெயில் மட்டும்தான். அதனால துணிக்கு மேல அலுமினியப் பொடி கலந்த வெள்ளிக் கோட்டிங் ஒண்ணு போடுவாங்க, வெயில் துணியைத் தொடாது. சரியாப் போட்டு ஹேங்கருக்குள்ள வச்சிருந்தா பல வருஷம் கவலை இல்ல. சோதிக்க ஈஸியான வழி, எறக்கைக்குள்ள ஒரு லைட்டை விட்டு வெளிய இருட்டுல நின்னு பாருங்க, வெளிச்சம் கசிஞ்சா வெள்ளிக் கோட் பத்தல.

நாங்க எங்க கப்புக்கு துணி மாத்தினப்ப பெரிய வேலையே இஸ்திரிதான். பாலியெஸ்டரைத் தொளதொளன்னு ஒட்டி வச்சிட்டு, இஸ்திரிப் பெட்டியை முதல்ல 121 டிகிரில, கடைசில 177 டிகிரில வச்சுத் தேச்சா சுருங்கி மத்தளம் மாதிரி விறைச்சு நிக்கும். பெட்டில இருக்கற முள்ளை நம்பாம தனியா தெர்மாமீட்டர் வச்சுப் பாத்துக்கணும், சூடு தாண்டினா துணி இளகிப் போகும், கீழ எறக்கைக்கு விலா எலும்பு மாதிரி இருக்கற மெல்லிசான ரிப்பை வளைச்சும் விட்டுரும். எங்கள்ல ஒருத்தர் வீட்டுல சட்டையே தேச்சது கிடையாது, மூணு நாள் எறக்கை தேச்சார். அவங்க வீட்டு அம்மா ஹேங்கருக்கு வந்து போட்டோ எடுத்துட்டுப் போனாங்க.

கேள்வி: கார் பெட்ரோல் ஊத்தலாமா?

உங்க மாடலுக்கும் என்ஜினுக்கும் அனுமதிக் காகிதம் இருந்தா ஊத்தலாம், காகிதம் இல்லாம ஊத்தாதீங்க. கப்ல இருக்கற 65 குதிரை சக்தி கான்டினென்டல் 73 ஆக்டேனுக்கு செஞ்ச என்ஜின், இப்ப கிடைக்கற நீலக்கலர் ப்ளேன் பெட்ரோல் 100எல்எல்-ல இருக்கற ஈயம் அதுக்கு அதிகம், ப்ளக் கீழ குட்டிக் குட்டி உருண்டையா ஈயம் சேரும். ஆனா கார் பெட்ரோல்ல எத்தனால் கலந்திருந்தா கிட்டயே போகாதீங்க. தண்ணியை உறிஞ்சும், ரப்பர் ஹோஸை ஊற வைக்கும். கப்ல ஃபியூயல் கேஜ்னா என்ன, டேங்க் மூடில ஒரு ஓட்டை, அது வழியா ஒரு கம்பி, கம்பிக்குக் கீழ ஒரு தக்கை, கம்பி எவ்வளவு வெளிய நீட்டிக்கிட்டிருக்கோ அவ்வளவு பெட்ரோல், அவ்வளவுதான் சமாச்சாரம். பழைய தக்கைல ஷெல்லாக்ங்கற அரக்கு வார்னிஷ் பூசியிருக்கும், எத்தனால் அதைக் கரைச்சிரும், தக்கை பெட்ரோல் குடிச்சு முழுகும், டேங்க் நெறஞ்சிருக்கும்போதே கம்பி உள்ள போயிரும். எப்படியும் பறக்கும் முன்னாடி டேங்க்ல குச்சி விட்டுப் பாருங்க. 45 லிட்டர்தான் மொத்தமே.

கேள்வி: 200 மணி நேரம் பறந்திருக்கேன், எல்லாம் மூக்குச் சக்கர ப்ளேன்ல. இப்ப டெயில்வீலுக்கு (மூக்குல இல்லாம வால்ல குட்டிச் சக்கரம் இருக்கற ப்ளேன்) மாறினா தரைல இறங்கினதும் ப்ளேன் சுத்திக்கப் பாக்குது. என்ன தப்பு பண்றேன்?

விளக்குமாத்தை உள்ளங்கைல நிமித்தி வச்சு நடந்திருக்கீங்களா சின்ன வயசுல? அதான் டெயில்வீல். எடையோட மையம் மெயின் சக்கரத்துக்குப் பின்னால இருக்கு, மூக்கு கொஞ்சம் திரும்பினா பின்னால இருக்கற எடை முன்னால வரப் பாத்து இன்னும் திருப்பிவிடும், விட்டா வட்டம் போட்டு எறக்கை தரைல இடிக்கும். மூக்குச் சக்கர ப்ளேன்ல எடை முன்னால, அதுவே தன்னால நேராயிக்கும், அங்க கால் தூங்கிப் பழகிடுச்சு. உங்க தப்பு பெரும்பாலும் சக்கரம் தரையைத் தொட்டதும் 'அப்பாடா'ன்னு காலைத் தளர்த்தறதுதான். ஹேங்கர் வாசல்ல நிக்கற வரைக்கும் கால் ஆடிட்டே இருக்கணும், பெருசா மிதிக்க வேணாம், சின்னச் சின்னதா, முன்கூட்டியே. ஸ்டிக்கைப் பின்னால முழுசா இழுத்து வச்சுக்கங்க, டெயில்வீல் தரைல அழுந்தி நிக்கும். கண்ணை ரன்வே கடைசில வைங்க, மூக்கு அசைஞ்சதும் தெரியும். பக்கக் காத்து அடிக்கற நாள்ல ஆரம்பத்துல போகவே போகாதீங்க.

கேள்வி: எலி!

புரியுது, பாவம். ஒரே வார்த்தைல கடிதம் எழுதினவர் நீங்கதான். எலி மூத்திரம் அலுமினியத்தையும் குழாயையும் அரிச்சிரும், கடிக்கறதவிட அதுதான் ஆபத்து. சக்கரத்துல ஏறித்தான் உள்ள வரும், சக்கரத்தைச் சுத்தி வழவழன்னு தகடு வச்சு வட்டமா மறைச்சா கொறையும். சீட்டுக்குப் பின்னால இருக்கற மூடியைத் திறந்து வால் வரைக்கும் டார்ச் அடிச்சுப் பாருங்க, அப்படியே வேகத்தை அளக்கக் காத்து வாங்கற பிட்டோ குழாய்க்கு மூடி போடுங்க, குளவி மண்ணு வச்சு அடைச்சா ஸ்பீடு முள் எந்திரிக்கவே செய்யாது.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை காலைல 'பறக்கப் போறேன்'னு கெளம்பி சாயங்காலம் வர்றார். எத்தனை நேரம் பறந்தீங்கன்னு கேட்டா 25 நிமிஷங்கறார். மிச்ச நேரம் என்னதான் பண்றாங்க அங்க?

அம்மா, நான் உங்க வீட்டுக்காரரைக் காட்டிக் குடுத்தா ஹேங்கர்ல எனக்கு இடம் கிடைக்காது. ஆனாலும் சொல்றேன். முதல் அரை மணி நேரம் பெட்ரோல் வடிச்சு கண்ணாடிப் பாட்டில்ல தண்ணி இருக்கான்னு பாக்கறது, ஒவ்வொரு கேபிளையும் கீலையும் தொட்டுப் பாக்கறது. அப்புறம் போன வாரம் இல்லாத ஒரு எண்ணெய்ப் பொட்டு தரைல இருக்கும். அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு நாலு பேர் மல்லாக்கப் படுத்துப் பாப்பாங்க. எண்ணெய் கசியறது பிரச்சினை இல்ல, இடம் மாறிக் கசியறதுதான் பிரச்சினை, எங்க ஆளுங்க அதுக்கே ரெண்டு மணி நேரம் எடுத்துப்பாங்க. என்ஜின் மூடியான கவ்லிங்கைக் கழட்டி எக்ஸாஸ்ட் குழாய்ல வெடிப்பு இருக்கா, சாம்பல் நிறத்துல புகைக்கறை இருக்கான்னு பாப்பாங்க, கேபின் ஹீட்டருக்குள்ள அந்தப் புகை கசிஞ்சா ஆளையே தூங்க வச்சிரும். இதெல்லாம் முடிஞ்சு பாத்தா காத்து மாறியிருக்கும், காத்து அடங்கட்டும்னு உக்காந்து பேசுவாங்க. அந்தப் பேச்சுக்கு நான் பொறுப்பில்ல. ஒரு நாள் நீங்களும் கூடப் போங்க, மல்லாக்கப் படுக்க ஒரு பழைய போர்வை எடுத்துட்டுப் போங்க.

கேள்வி: எனக்கு 74 வயசு. 31 வருஷமா ஒரு ஜே-3 கப் வச்சிருக்கேன். இந்த வருஷம் மெடிக்கல்ல ஃபெயில் பண்ணிட்டாங்க. விக்க மனசு வரல. ஹேங்கர்லயே இருக்கட்டும், அப்பப்ப போய் பாத்துட்டு வரலாம்னு தோணுது. நீங்க என்ன சொல்றீங்க?

ஐயா, உங்களுக்கு நான் புத்தி சொல்ற வயசு இல்ல. ஆனா மேல ட்ரை-பேசர் தம்பிக்கு எழுதினதை ஒரு தடவை படிச்சுப் பாருங்க, அந்த 16 வருஷமும் இப்படித்தான் 'அப்பப்ப போய் பாத்துக்கலாம்'னு ஆரம்பிச்சிருக்கும். உங்க ப்ளேன்ல கேம் கீழ இருக்கறதால லைகாமிங் அளவுக்கு இல்லதான், ஆனா சிலிண்டர், ஸ்ட்ரட்டு, தக்கை, சக்கரத்துல அதிர்ச்சி தாங்கற ரப்பர் கயிறு எல்லாம் உக்காந்தே வயசாகும்.

விக்க வேணாம். பாதியைக் குடுங்க. டெயில்வீல் ஓட்டத் தெரிஞ்ச, கைல காசு கம்மியா இருக்கற, கேள்வி நெறைய கேக்கற ஒரு ஆளைப் பாருங்க, கடைசித் தகுதி முக்கியம். இன்ஷூரன்ஸ்ல அவர் பேரைச் சேத்துட்டு, யாரு எவ்வளவு குடுக்கறது, ரிப்பேர் வந்தா யாரு முடிவு பண்றது, பிரியணும்னா எப்படிங்கறத ஒரே ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. எங்க நாலு பேர் தாள்ல 'எதுவும் உடைஞ்சா அன்னைக்கே எழுதி ஸ்டிக்ல கட்டிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்'னு ஒரு வரி இருக்கு, எங்க சண்டைகள்ல பாதி அதனாலயே நின்னுச்சு.

அதுக்கு முன்னாடி ஒரு நோட்டு எடுத்து லாக்புக்ல இல்லாததை எல்லாம் எழுதி வைங்க. குளுர் காலைல ஸ்டார்ட்டுக்கு முன்னாடி எத்தனை தடவை ப்ரைம் பண்ணணும் (என்ஜினுக்குள்ள பெட்ரோல் அடிச்சு விடணும்), எந்த சிலிண்டர்ல எண்ணெய் எப்பவும் கசியும், வலது ப்ரேக் எடது ப்ரேக்கவிட எவ்வளவு லேட்டாப் பிடிக்கும், 31 வருஷம் உங்க கால்ல இருக்கறது வேற யாருக்கும் தெரியாது.

அப்புறம் உங்களுக்குத் தெரியாததா, கப்ல தனியா ஓட்டும்போது பின் சீட்ல உக்காந்துதான் ஓட்டணும், அப்பத்தான் எடை சரியா வரும். முன் சீட் கூட வர்றவருக்கு. 31 வருஷம் பின்னால உக்காந்து முன்னால இருக்கறவர் தோளுக்கு அந்தப் பக்கம் எட்டி எட்டிப் பாத்துட்டே ஓட்டியிருப்பீங்க. புது ஆள் பின்னால உக்காரட்டும், நீங்க முன்னால ஏறி வலது பக்கக் கதவை ரெண்டா மடிச்சு மேல ஒண்ணு கீழ ஒண்ணு திறந்து விட்டுட்டு உக்காருங்க.